வெள்ளிக்கிழமைகளில் மறந்துபோகும் பெட்டி

ஓகஸ்ட் 1, வியாழன்

அட்டாளைச்சேனையிலிருந்து நிந்தவூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பக்கத்தில் நின்ற மனிசி என் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டே வந்தா.

"வீட்டுச் சாவியா புள்ள?"

"இல்ல, நெல்லு மில்லுட பெனல் சாவி."

"பொம்பிளப் புள்ளைக்கிட்டயா குடுத்திரிக்காங்க?"

"ஓம்."

அவ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டா. நான் சாவியை உள்ளே போடவில்லை.

சிறுபோக அறுவடை தொடங்கிவிட்டது. மில் வாசலில் ஈர நெல்லோடு ஆறு லொறிகள். அவித்த நெல்லைக் காயவைக்கிற டிரையர் நின்றால் மில்லே நின்ற மாதிரி. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், சூடு எவ்வளவு ஏறலாம், எல்லாவற்றையும் முடிவு செய்வது பெனல் என்கிற மின்சார அலமாரிக்குள் இருக்கிற ஒரு கறுப்புப் பெட்டி, கன்ட்ரோலர். "இதுதான் மில்லுட மூளை" என்று முதலாளி கச்சிமுகம்மது ஹாஜியாருக்கு ஒருநாள் விளக்கினேன். மனிசன் அதை மனதில் வைத்துக்கொண்டு, மக்காவுக்கு உம்ரா போய் வந்ததும் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசன ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் நெற்றியிலேயே ஒட்டிவிட்டார். கைகால் கழுவி வுளூ செய்யாமல் அதில் விரல் படக்கூடாது என்று நான் கேபிளை ஓரத்தால்தான் செருகுவேன்.

ஓகஸ்ட் 2, வெள்ளி

இன்று ஒரு புதுமை.

வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கு மில் ஓட்டுகிற அஸீம் காக்கா மெயின் சுவிட்சை இறக்குவார். மில் கட்டிய நாளிலிருந்து ஹாஜியாரின் ஒழுங்கு அது: ஜும்ஆத் தொழுகை நேரம் ஆள் இல்லாத மில்லில் ஒரு கம்பியிலும் கரண்ட் இருக்கக் கூடாது. ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கேற்றில் தங்கராசா அண்ணன் காவல். உள்ளே நான் மட்டும். சாப்பிடுவேன், லுஹர் தொழுவேன், காலை நீட்டி இருப்பேன்.

ஒன்றரைக்கு மெயினைப் போட்டால் டிரையர் எழும்பவில்லை. லெப்டொப்பை மாட்டிப் பார்த்தேன். கன்ட்ரோலருக்குள் நிரல் இல்லை. ஒரு வரிகூட இல்லை! கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரிக் கிடக்கிறது.

என்னிடம் பிரதி இருந்தது. ஏற்றினேன், ஓடியது. ஹாஜியார், "மாஷா அல்லாஹ், புள்ள கெட்டிக்காரி" என்றார். இன்று முழுக்க அந்தச் சொல்லிலேயே மிதந்துகொண்டிருக்கிறேன்.

ஓகஸ்ட் 3, சனி

ஏன் அழிந்தது? நேற்றுக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஓகஸ்ட் 9, வெள்ளி

திரும்பவும் அதே கதை. அதே ஒன்றரை மணி, அதே வெறும் பெட்டி.

இந்த முறை லெப்டொப்பும் மக்கர் பண்ணியது. அரைவாசி காய்ந்த நெல் டிரையருக்குள் மூன்று மணித்தியாலம் அடைந்து கிடந்து புளித்துவிட்டது. வாசம் ரோட்டு வரை போனது. ஹாஜியாரின் மருமகன் றிபாத்தான் மனேஜர். அவர் என் தலைமாட்டில் நின்று "கெதியா, கெதியா" என்றுகொண்டே இருந்தார். திரையில் வந்த பிழைப் பட்டியலைப் படிக்காமலே அழித்துவிட்டு நிரலை ஏற்றினேன்.

பிறகு றிபாத் கொழும்புக்குப் போன் எடுத்தார், பெனலைப் பொருத்திக் கொடுத்த கொம்பனிக்கு. போனை எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தார். அந்த இன்ஜினியர் சொன்னது: "நிரல் தானா அழியாது. யாரோ அழிக்கணும். பெனல் சாவி யார்ட்ட இருக்கு?"

எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள்.

ஓகஸ்ட் 10, சனி

நானாம். நான் அழிச்சிட்டு நானே ஏத்துறனாம். நான் இல்லாட்டி மில்லு ஓடாதுண்டு காட்டுறதுக்காம்! அஸீம் காக்கா சொல்லித்தான் தெரியும், றிபாத் கென்டீன்ல வச்சிக் கதைச்சிரிக்கார். "ஜும்ஆ நேரம் உள்ளுக்க ஆர் இரிக்கா? அவ மட்டும்தானே."

அல்லாஹ்வே, நான் ஜும்ஆவுக்குப் போகாதது ஒரு குற்றமா? நம்மட ஊருல எந்தப் பொம்பிள போற?

நான்கு வருடம் படித்தேன். கொலிஜில் பதினெட்டுப் பொடியன்களுக்கு நடுவில் ஒரே ஒருத்தி. மில்லில் முதல் மாதம் எனக்கு டெஸ்டர்கூடத் தரவில்லை, நானே வாங்கினேன். கடைசியில் சாவியை ஹாஜியார் தன் கையால் தந்தார். அதைக் கென்டீனில் தேத்தண்ணி குடிக்கிற வாய் ஒன்று பிடுங்கிவிடுமா?

மில்லில் பழுதுகளை எழுதுகிற கொப்பி ஒன்று இருக்கிறது. அதில் நேற்றைய திகதிக்கு நேரே றிபாத் எழுதியிருப்பதைப் பார்த்தேன்: "சந்தேகம் - பெனல் பொறுப்பாளர்." நீல மை, அழகான கையெழுத்து.

ஓகஸ்ட் 12, திங்கள்

ஹாஜியார் கூப்பிட்டார். பாவம், மனிசனுக்குக் கோபமாகப் பேச வராது.

"புள்ள, கொஞ்ச நாளைக்கு பில் அறையில இரி. கொழும்புக்காரன் பெனலப் பாக்கட்டும். ஆக்கள் கதைக்கிற நல்லா இல்ல."

"ஹாஜியார், நான் அழிச்சண்டு நீங்க நம்புறீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தடவிக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் நோகிறது. றிபாத் சொன்னது அவ்வளவு நோகவில்லை.

சாவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். அழுதுவிடுவேன் என்று நினைத்திருப்பார், அழவில்லை. "வாற வெள்ளி சாவி உங்கட சேப்புல. லெப்டொப் உங்கட கார்ல. நான் கேற்றுக்கு வெளிய, தங்கராசா அண்ணனுக்குப் பக்கத்தில இரிப்பன். மெயினைப் போட்ட மறுகா டிரையர் ஓடினா, நானே பில் அறைக்குப் போறன். ஓடாட்டி?"

"ஓடாட்டி?" என்று அவரும் கேட்டார்.

"ஓடாட்டி, நான் என்ன கேட்டாலும் ஒருக்கா செய்ய விடணும்."

ஓமென்றார். வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன்: இந்த வெள்ளி அழியாவிட்டால்? இரண்டு முறை தற்செயலாக நடந்திருந்தால்? நானே எனக்குக் குழி தோண்டிவிட்டேனோ.

ஓகஸ்ட் 14, புதன்

உம்மா சொல்றா: "பில் அறையில ஃபேன் இரிக்கு, கதிரை இரிக்கு. போனா என்ன கொறஞ்சா போகும்?" முழுச் சோற்றையும் தின்றுவிட்டு எழும்பினேன்.

ஓகஸ்ட் 16, வெள்ளி

அழிந்தது!

ஒரு மில் நின்றதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை கேற்றுக்கு வெளியே, வேப்ப மர நிழலில், கதிரையில். தங்கராசா அண்ணன் தம்பிலுவிலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி, காவல் காக்கிற என்ட வேல. என்னை ஏன் நீ காவல் காக்கிறாய்?" என்று பகிடி விட்டார். பிறகு தானாகவே சொன்னார்: "ஆர் கேட்டாலும் சொல்லுவன். இந்தப் புள்ள தண்ணி குடிக்கக்கூட உள்ள போகேல்ல."

எல்லோரும் வந்தார்கள். அஸீம் காக்கா மெயினைப் போட்டார். டிரையர் எழும்பவில்லை. ஹாஜியார் சேப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெனலைத் திறந்தார். நான் கிட்டவே போகவில்லை. தூரத்தில் நின்று, "பாருங்க மனேஜர், நான் எங்க நிக்கிறன்?" என்று கேட்டேன்.

"இப்ப கைப்போனாலயும் அழிக்கலாம்" என்றார் றிபாத்.

"அப்ப கொழும்புக்காரனும் செய்யலாம்தானே?"

அஸீம் காக்கா இருமுகிற மாதிரிச் சிரித்தார். ஹாஜியார் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "சொல்லு புள்ள. என்ன செய்யணும்?"

நிரலை ஏற்றிவிட்டு வந்தேன். சாவி அவரிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

நான் இல்லாமலும் அழிகிறது. அப்படியென்றால் வெள்ளிக்கும் மற்ற நாட்களுக்கும் என்ன வித்தியாசம்?

மற்ற நாட்களில் மோட்டார்களைத்தான் நிறுத்துகிறோம். பெனலுக்குக் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஊரில் கரண்ட் போனாலும் கன்ட்ரோலருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கிறது, கால் மணித்தியாலம் தாங்கும், அதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடும். வெள்ளி மட்டும்தான் யூபிஎஸ்ஸும் தீர்ந்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு சொட்டுக் கரண்டும் இல்லை.

கரண்ட் இல்லாத நேரம் நிரலைப் பிடித்து வைத்திருப்பது எது? பெட்டிக்குள் இருக்கிற சின்ன பெட்டரி. கொலிஜில் இரண்டாம் வருடப் பாடம்.

ஆனால் பெட்டரி இறங்கினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டுமே! ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியின் முகத்தில்தானே முழிக்கிறேன். எந்தச் சிவப்பும் இல்லையே.

ஓகஸ்ட் 19, திங்கள்

"காலையில பத்து மணிக்கு ஒன்றரை மணித்தியாலம் மெயினை இறக்கணும்" என்றேன். அறுவடை நேரத்தில், அதுவும் திங்கட்கிழமை! றிபாத் கத்தினார். ஹாஜியார், "வாக்குக் குடுத்திட்டன்" என்று ஒரே சொல்லில் முடித்தார். டிரையரைக் காலியாக்கிவிட்டு இறக்கினோம். இம்முறை ஒருவரும் பள்ளிக்குப் போகவில்லை, எல்லோரும் பெனலுக்கு முன்னாலேயே நின்றார்கள். ஒரு கை படவில்லை.

பதினொன்றரைக்கு மெயின். பெட்டி வெறுமை.

இம்முறை அவசரப்படவில்லை. பிழைப் பட்டியலை முதல் வரியிலிருந்து படித்தேன். நான்காவது வரி: பெட்டரி இல்லை. நான் மூன்று முறை படிக்காமல் அழித்த பட்டியல்.

அப்படியானால் விளக்கு எங்கே? கொலிஜ் குறிப்புகளில் இந்தப் பெட்டியின் படம் இருந்தது, கையோடு கொண்டு போயிருந்தேன். படத்தில் விரலை வைத்து, பெட்டியைப் பார்த்தேன். அந்த இடத்தில் ஆயத்துல் குர்ஸி.

படத்தை ஹாஜியாரிடம் நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பைப்படிக்குப் போனார். வுளூ செய்துவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிஸ்மி சொல்லி, நகத்தால் மெல்ல மெல்ல உரித்தார். ஓரம்கூடக் கிழியவில்லை.

சிவப்பு. எத்தனை கிழமையாக எரிந்துகொண்டிருந்ததோ!

"நான்தான் மறைச்சிப் போட்டன்" என்றார் ஹாஜியார்.

இல்லை. அவருக்கு விளக்கு எதற்கென்று தெரியாது, எனக்குத் தெரியும். ஒட்டிய அன்றே, "ஹாஜியார், இந்த இடம் வேணாம், கதவுல ஒட்டுவம்" என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். சங்கடப்பட்டு இருந்துவிட்டேன். மரியாதை என்று நினைத்தேன், அது பயம்.

கொப்பியில் எழுதினேன்: "காரணம் - பெட்டரி இறங்கியது. விளக்கு மறைந்திருந்ததைக் கவனிக்காதவர், பிழைப் பட்டியலைப் படிக்காதவர் - ஹுஸ்னியா." கையொப்பமும் வைத்தேன்.

றிபாத் எட்டிப் பார்த்தார். "அப்ப பிழை உங்களிலதானே" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்துவிட்டது மனிசனுக்கு.

"ஓம். என்ட பிழைய நான் எழுதிட்டன். உங்கட பிழைய நீங்க எழுதுங்க." ஒன்பதாம் திகதிப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சி விடுவம்."

"கிழிக்க வேணாம். கோடு போட்டு வெட்டுங்க. வெட்டிப்போட்டுப் பக்கத்தில கையொப்பம் வைங்க. கென்டீன்ல கேட்ட ஆக்கள் அவ்வளவு பேரும் இஞ்சதான் நிக்காங்க."

போன் வந்த மாதிரிக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கொப்பியை மூடாமல் அப்படியே விரித்து வைத்துவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 21, புதன்

பெட்டரி கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறது. கொப்பி அதே பக்கத்தில் விரிந்து கிடக்கிறது. யாரோ மூடினால் நான் திறக்கிறேன். இன்று மூன்று முறை.

ஓகஸ்ட் 23, வெள்ளி

பெட்டரி பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்தது. கரண்ட் இருக்கும்போதே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மாற்றுகிற நேரத்தில் நிரல் போய்விடும். அஸீம் காக்கா மெயினில் கை வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "காக்கா, நான் சொல்லும் வரைக்கும் இறக்கக் கூடா" என்றேன். ஹாஜியார் திறந்து தந்தார். பழையதைக் கழற்றிப் புதியதைச் செருக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிவப்பு அணைந்தது.

"இப்ப இறக்குங்க."

ஹாஜியார் பெனலைப் பூட்டிச் சாவியைச் சேப்பில் போட்டார். பூட்டிய கதவின் வெளிப் பக்கத்தில், உரித்து வைத்திருந்த ஸ்டிக்கரைப் பிடித்துக் காட்டி, "இதில ஒட்டலாமா புள்ள?" என்று கேட்டார். ஓமென்றேன். இந்த மில்லில் ஒரு பொருளை எங்கே வைப்பதென்று அவர் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள். தங்கராசா அண்ணன், "இண்டைக்கும் வெளியவா தங்கச்சி?" என்றார். இல்லை, உள்ளேதான். கதிரையைப் பெனலுக்கு நேரே போட்டுத் தனியாக இருந்தேன். யார் என்ன நினைத்தாலும் இது என் இடம். தொழுதுவிட்டு, பசி வரும் வரை அப்படியே இருந்தேன். ஒன்றேகாலுக்குத்தான் சோற்றுப் பெட்டியைத் திறந்தேன். உம்மா கணவாய்க் கறி வைத்திருந்தா.

ஒன்றரைக்கு ஆட்கள் வந்தார்கள். அஸீம் காக்கா மெயினைப் போட்டார், டிரையர் பொத்தானை அமத்தினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் எழும்புவேன் என்று.

நான் எழும்பவில்லை. சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். டிரையர் ஒருதரம் முனகிவிட்டு ஓடத் தொடங்கியது.

றிபாத் கொப்பி இருந்த மேசைக்குப் போனார். குனிந்து நின்று எழுதும் சத்தம் கேட்டது. ஒரு நீளக் கோடு, பிறகு ஒரு சின்னக் கிறுக்கல். நிமிர்ந்து கொப்பியைத் தானே மூடினார். ஹாஜியார் வந்து சாவியை என் சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, லொறிகளைப் பார்க்கப் போனார்.

மீதிச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சாவியை எடுத்தேன்.