கனடாத் துவக்கு: பழசோ புதுசோ

4.9.2006, திங்கள்
மழை. கடை வாசலில் தண்ணீர். கத்தரிக்காய் பாதி அழுகல். மொத்தக்காரனுக்குப் போனில் நல்ல ஏச்சு. மாற்றித் தருகிறானாம்.

மத்தியானம் கனடாவிலிருந்து மகள் மதுரா போனில். கல்யாணம் கட்டிப் போய் இரண்டு வருடம். இன்னமும் ஒரு சட்டி வாங்குவதென்றாலும் அப்பனைக் கேட்பாள். எனக்கு அதில் பெருமைதான். இந்த முறை துவக்கு, வேட்டைத் துப்பாக்கி!

"ரமணனுக்கு, அப்பா. வேட்டைக்கு. முயல், காட்டுக்கோழி. ரெண்டு பம்ப் துவக்கு பாத்து வைச்சிருக்கிறம். ஒண்டு பழசு, ஒண்டு புதுசு. எது எண்டு நீங்கள்தான் சொல்லோணும். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

மருமகன் ரமணன் கோழி உரிப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறவன். சரி, கனடாக் குளிர் ஆளை மாற்றியிருக்கும்.

என் மனைவி புஷ்பம் பின்னால் அரிசி நிறுத்துக்கொண்டு நின்றவள். போன் ஸ்பீக்கரில். எல்லாம் கேட்டுவிட்டாள்.

"ஊரிலை வெடிச் சத்தத்துக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடி வந்த சனம் நாங்கள். அவளின்ரை வீட்டுக்குள்ளை துவக்கு வந்தால் நான் அவளோடை கதைக்கமாட்டன்."

மதுராவுக்கும் கேட்டிருக்கும். புஷ்பம் சொன்னால் செய்வாள். ஒரு மிக்சிக்காகச் சொந்தத் தங்கையோடு மாதக்கணக்கில் கதைக்காதவள்.

5.9, செவ்வாய்
படங்கள் மின்னஞ்சலில்.
பழசு: முழு இரும்பு, மரப்பிடி, பாரம். ஒவ்வொரு வெடிக்கும் இழுக்கிற முன்பிடி தேய்ந்து வழுவழுப்பு. நீளத் தோட்டா போகாது.
புதுசு: கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, இலேசு. எந்தத் தோட்டாவும் போகும். குழல் வாயை மாற்றிப் போடலாம். உத்தரவாதம் உண்டு.

வியாபாரி மூளை புதுசு என்கிறது. பழுதென்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

மதுரா மறுபடி கோல் எடுத்தாள். புஷ்பம் போனைத் தொடவில்லை. மணி அடிக்க அடிக்க மிளகாய்த்தூள் கட்டினாள். அடித்து ஓய்ந்ததும், "சாப்பிட்டாளோ தெரியாது" என்று தனக்குள்.

6.9, புதன்
ஏலக்காய் வாங்க ஆர்னே வந்தார். மேல்மாடியில் இருக்கிற இந்த நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பழைய வேட்டைக்காரர். படங்களைக் காட்டினேன்.

"பழசு நல்ல வேலைப்பாடு. வாத்துக்கென்றால் வேண்டாம். அதற்குச் சட்டப்படி இரும்புக் குண்டு போட வேண்டும், இந்தக் குழலுக்கு ஆகாது. முயலுக்குப் போதும்."

பிறகு என் தும்புத்தடியைத் தோளில் வைத்து, முன்பிடி இழுக்கிற விதம் காட்டினார். சவர்க்காரத் தட்டு சரிந்தது. சாமான் வாங்க உள்ளே வந்த சரோஜா அக்கா: "என்ன தம்பி, கடை கூட்ட வெள்ளைக்காரனை வைச்சிட்டியோ?"

புதுசில் வெடித்த தோட்டாவின் வெறுங்கோது வலப்பக்கம் பாயுமாம். பழசில் நேரே கீழே விழுமாம்.

"சுடுகிறவருக்கு எந்தக் கை வாக்கு?" என்று கேட்டார்.

ரமணனுக்கு வலக்கை. அப்படியென்றால் எதுவும் சரி. புதுசென்றே சொல்லிவிடலாம்.

8.9, வெள்ளி
மரக்கறி நாள், கடையில் சனம். முருங்கைக்காய் பதினொரு மணிக்கே முடிந்தது.

மதுரா: "அப்பா, கோது எந்தப் பக்கம் விழுமெண்டு கேட்டீங்களோ?"

வலக்கைக்காரனுக்கு அந்தக் கவலை எதற்கு? பிடிபட்டது.

சின்னதில் புஷ்பம் மதுராவின் இடக்கையில் இருக்கும் கரண்டியைப் பிடுங்கிப் பிடுங்கி வலக்கையில் வைப்பாள். கடையில் நான் விட்டுவிடுவேன். கல்லாவில் இடக்கையால் என்னைவிட வேகம். இடக்கையால் கொடுத்தால் முகம் சுளிக்கிற சனத்துக்கு மட்டும் வலக்கை. அதுவும் தானாகப் பழகினாள், கெட்டிக்காரி.

"பழசை எடு, பிள்ளை. கோது கீழை விழும். இடக்கைக்காரியின்ரை முகத்துக்கு முன்னாலை பறக்காது."



"எப்பிடியப்பா...?"

"உன்ரை மனுசன் கோழியையே பாக்கமாட்டான்!"

சிரித்தாள். பிறகு குரல் உடைந்தது. "வேலையிடத்துப் பெட்டையள் வேட்டைக்குக் கூப்பிட்டவை. சோதனை பாஸ் பண்ணி லைசென்சும் எடுத்திட்டன். அம்மா கதைக்கமாட்டா எண்டால் வேண்டாம், அப்பா."

வாங்குவதற்கு முன் துவக்குத் திருத்துகிறவனிடம் கொடுத்து உள்ளே திறந்து பார்க்கச் சொன்னேன். அம்மாவோடு நான் கதைக்கிறேன் என்றேன்.

10.9, ஞாயிறு
வெயில். புஷ்பம் வெங்காயம் உரிக்கையில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவளுக்கோ?"

"ஓம்."

"இடக்கையாலையோ?"

"ஓம்."

வெங்காயம் முழுக்க உரித்து முடித்தாள். கை கழுவினாள். போனைத் தானே எடுத்தாள்.

"பிள்ளை, சாப்பிட்டியோ?... அழாதை. உந்தச் சாமானை எந்தக் கை வாக்கோ அந்தக் கையாலை பிடி. எனக்காக மாத்திப் பிடிச்சுக் காலிலை சுட்டிடாதை. கோயிலிலை மட்டும் வலக்கை, விளங்கிச்சோ?"

இப்போது முயல் கறிக்கு எவ்வளவு மிளகாய்த்தூள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். தூள் அனுப்பப் பார்சலுக்குப் பெட்டி பார்க்க வேண்டும்.