மச்சானிடம் சொல்லாதே

கேமரன் மலை,
2 செப்டம்பர்

அன்புள்ள யோகேந்திரன் அண்ணனுக்கு,

தங்கை விக்னேஸ்வரி எழுதுவது. இங்கே மழைக்கும் குறைவில்லை, எங்கள் உடம்புக்கும் குறைவில்லை. கோத்தா கினபாலுவில் நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். அண்ணிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று சொன்னீர்கள். சந்தோஷம். போன மாதம் அனுப்பிய தேயிலையைச் சீனி போடாமல் குடிக்கச் சொல்லுங்கள்.

கையில் போன் இருக்க இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வீட்டில் ஒழுங்காக வேலை செய்வது ஒரு போன்தான். அதை நாங்கள் இருவரும் பார்க்கிறோம். இந்த விஷயம் உங்கள் மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது. தயவுசெய்து பதிலையும் போனில் அனுப்பிவிடாதீர்கள்.

அவர் தன் கையால் கட்டுகிற விமானத்துக்கு நீங்கள் பார்சலில் அனுப்பிய எச்சரிக்கைக் கருவி பத்திரமாக வந்து சேர்ந்தது. “ஹாரன் இல்லாத விமானத்துக்கு என் கையெழுத்து கிடையாது” என்று நீங்கள் விமானப் பரிசோதகராகச் சொன்னபோது அவருக்குக் கோபம்தான். “ஏழு வருசமா இது இல்லாமதானே கட்டுனேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பெட்டியைப் பிரித்ததும் கோபம் போய்விட்டது. வேகம் குறைந்து மூக்கு அதிகம் தூக்கிவிட்டால் இறக்கை காற்றின் பிடியை விட்டுவிடும், பிறகு விமானம் கல்லைப் போல விழும், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே காற்று இந்தச் சின்னத் தகட்டை மேலே தள்ளும், உடனே ஹாரன் அடிக்கும் என்று எனக்கு விளக்கினார். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். தப்பென்றால் சிரிக்காதீர்கள்.

தகட்டைப் பொருத்த இடது இறக்கையின் முன்விளிம்பில் தீப்பெட்டி அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் எந்த மிஷினையும் யோசிக்காமல் பிரிக்கிறவர், டிரில்லை மூன்று தடவை கையில் எடுத்து மூன்று தடவையும் கீழே வைத்தார். கடைசியில் என்னைத் தகட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். இறக்கைக்குள் கையை விட்டு நட்டு மாட்டியது நான்தான். அவர் கை உள்ளே போகாது. ஏழு வருடமாக அந்த விமானத்துக்குள் போகிற சின்னக் கை என்னுடையதுதானே.

தேயிலைத் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்திருக்கிறார். இந்த மாதம் முடிவதற்குள் பழைய உரக் கொட்டகையைக் காலி செய்ய வேண்டுமாம். விமானம் அதற்குள்தான் நிற்கிறது. இந்த மலையில் அதை வைக்க வேறு கூரை இல்லை. நீங்கள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கீழே சமவெளியில் இருக்கும் விமானப் பயிற்சி கிளப் அதை உள்ளே விடும். அடுத்த வருடம் அவருக்கு அறுபது. வேலை முடிந்தால் தோட்டத்தில் கொடுத்த இந்த லயன் வீடும் எங்களுக்கு இல்லை. இவ்வளவு நெருக்கடியிலும் மனுஷர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். “எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒரு மலைச்சரிவு மூஞ்சில வந்து இடிக்குது விக்கி. ஒரே ஒரு தடவ இத மேலேருந்து பாத்துட்டா போதும்லா” என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் ஹாரனைச் சோதித்தோம். பேட்டரி வால் பக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். இருக்கைக்குப் பின்னால் உள்ள ஓட்டை வழியாக நான் குப்புற ஊர்ந்து உள்ளே போனேன். கம்பியை இறுக்கிவிட்டு, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி டார்ச்சை அணைத்துப் போட்டு, “ஆச்சு!” என்று கத்தினேன். அவர் இறக்கைப் பக்கம் நின்று விரலால் தகட்டைத் தூக்கினார்.

அண்ணா, ஹாரன் அடித்தது. அந்த அலுமினியக் கூட்டுக்குள் என் மண்டையே பிளந்துவிடும் போல அடித்தது. “அடிக்குது, விடுங்க!” என்று கத்தினேன். சத்தம் நின்றது. உடனே மறுபடி அடித்தது. நடுவில் அவர் குரல்: “வரல விக்கி! மைனஸ் கம்பியப் பாரு!” திரும்பவும் ஹாரன். “இன்னும் வரலியே!” திரும்பவும் ஹாரன்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே வரலாம் என்று பின்னால் நகர்ந்தால் என் கம்பளிச் சட்டை ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையும் தலைக்கு முன்னால், திருப்ப இடமில்லை. டார்ச் உருண்டு போய்விட்டது. இருட்டில் பேட்டரிக் கம்பி கைக்கு எட்டவில்லை. நான் கத்தக் கத்த ஹாரன் அடிக்கிறது. அவரோ இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, நிதானமாக, “வரல, வரல” என்கிறார். பத்து நிமிடம் இருக்கும். கடைசியில் இரண்டு காலாலும் அலுமினியச் சுவரை உதைத்தேன். அந்த அதிர்வு அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓடி வந்து சட்டையைக் கிழித்து என்னை வெளியே இழுத்தார்.

என் முகத்தைப் பார்த்தார். “அடிச்சுச்சா?” என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நீங்க தொட்ட ஒவ்வொரு தடவையும் அடிச்சுச்சு” என்றேன்.

அவர் என்னைத் தகட்டைத் தூக்கச் சொல்லிவிட்டு ஹாரன் மேலேயே காதை வைத்துப் பார்த்தார். “கொசு மாதிரி ஏதோ கேக்குது” என்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தோரு வருடம், அண்ணா. தேயிலையைச் சுருட்டுகிற அந்த மிஷின்களுக்கும் உலர்த்துகிற விசிறிகளுக்கும் நடுவில் முப்பத்தோரு வருடம் நின்றவர். குக்கர் எத்தனை விசில் என்று என்னைத்தான் கேட்பார். ஞாபக மறதி என்று இருந்தேன். போனில் பேசாமல் எழுதியே அனுப்புவார். சோம்பல் என்று இருந்தேன். உங்களுடையது கட்டைக் குரல், அது கேட்டுவிடும். அதனால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. கிளப்பில் பறக்கச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண் புவனேஸுக்கும் தெரியாது. ஹெட்போனில் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்துக்கொள்வாராம். மெல்லிய சத்தம், கீச்சுச் சத்தம் எல்லாம் அவரை விட்டுப் போய் எத்தனை வருடமோ. எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறார். இவ்வளவு மோசம் என்பதுதான் தெரியாதாம்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான்கிட்ட சொல்லாத. ஒரு செவப்பு லைட் வச்சுக்கறேன், அது போதும். சத்தியம் பண்ணு” என்றார். இறங்கும்போது கண் ஓடுபாதையில் இருக்குமா, லைட்டில் இருக்குமா என்று நான் கேட்கவில்லை. சத்தியம் பண்ணிவிட்டேன்.

இப்போது அதை மீறி எழுதுகிறேன். ஐந்து நாளாக எனக்கு இந்தப் பக்கமும் வழியில்லை, அந்தப் பக்கமும் வழியில்லை. சொன்னால் அவருடைய ஏழு வருடத்தை நானே அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டவள் ஆவேன். சொல்லாமல் இருந்தால் என்ன ஆவேன் என்று எழுதக் கை வரவில்லை.

அண்ணா, மாதக் கடைசியில் வருகிறீர்கள். நன்றாகப் பாருங்கள், பாராட்டுங்கள், ஆனால் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். காரணம் எதுவாக இருந்தாலும் இறக்கை மேல் இருக்கட்டும், ஆணி மேல் இருக்கட்டும். அவர் காது மேல் வேண்டாம். நான் சொன்னேன் என்பது வேண்டவே வேண்டாம். உங்களை விட்டால் எனக்குக் கேட்க ஆள் இல்லை.

உங்கள் தங்கை,
விக்னேஸ்வரி


கேமரன் மலை,
14 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை விக்னேஸ்வரி. நீங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. அண்ணி கொடுத்தனுப்பிய கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். ரிங்லெட் பக்கம் மண் சரிந்து மூன்று நாள் ரோடு மூடியிருந்தது. நேற்றுத்தான் திறந்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் தாமதம்.

நீங்கள் இருந்த இரண்டு நாளும் உங்களோடு தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர் உங்களை விட்டு நகரவே இல்லை. நீங்கள் ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனீர்கள். ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்று நானும் பின்னாலேயே வேண்டிக்கொண்டு வந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகக் கட்டியிருந்தார். நீங்கள் பேனாவைத் திறந்தபோது என்ன காரணம் சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் அந்தத் தாள் மேல் கையை வைப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, அண்ணா.

“போடாதீங்க மச்சான். அந்த ஹாரன் எனக்குக் கேக்காது” என்றாரே. நீங்கள் ஒன்றும் தெரியாதவர் போல, “எப்பருந்து?” என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்விக்காக நான் உங்களுக்குச் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு முள்ளாகிவிட்டது. “அவளுக்குத் தெரியும் மச்சான். நான்தான் சத்தியம் வாங்கிட்டேன். இத்தன நாளா மனசுல வச்சிக்கிட்டு ஒரு வார்த்த வெளிய விடல அவ.” நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் கொட்டகையை விட்டு வெளியே போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் தண்ணீர் கொண்டுவரவே இல்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் புவனேஸிடம் பேசி, விமானத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு, ஓட்டுவது அவள் என்று எழுதிக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஒன்றைப் பேசி, இறக்கைகளைக் கழற்றிப் பழைய மெத்தைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கீழே கொண்டுபோனோம். துரை வந்து பார்த்துவிட்டு, கொட்டகை சுத்தமாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஐந்தாம் தேதி புவனேஸ் அதை மேலே எடுத்துப் போனாள். நாங்கள் இருவரும் வேலி ஓரத்தில் நின்றோம். இருபது நிமிடமும் அவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி வந்து, “அங்கிள், ரொம்ப நல்லா பறக்குது. ஹாரன்தான் கொஞ்சம் லேட்டா அடிக்குது, தகட்ட ஒரு நூல் மேல ஏத்தணும்” என்றாள். அவர் உடனே ஸ்பேனரை எடுத்தார். தகட்டை ஏற்றி, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அடுத்த ஞாயிறு அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனார். நம் மலைப் பக்கம் மேகம், ஒன்றும் தெரியவில்லையாம். “பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்றார். தனியாக ஓட்டுவது இனி இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஈப்போவில் காதுக்குக் காட்டினோம். போனது திரும்பாது, காது மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும் என்றார் டாக்டர். மிஷின் வர இன்னும் நாளாகும். அதுவரை நான்தான் எல்லாம். டாக்டர் என்ன சொன்னார், கிளப்பில் என்ன சொன்னார்கள், வெளியே யார் கூப்பிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்க்கிறார். நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். கோவிலில், கடையில், புவனேஸிடம், பார்க்கிறவர்களிடமெல்லாம், “என் வீட்டுக்காரி மாதிரி வருமா, சத்தியம்னா சத்தியம்தான்” என்கிறார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

அன்று அந்த வாலுக்குள் மாட்டிக்கொண்டபோது காலால் உதைக்கவாவது இடம் இருந்தது.

உங்களுக்கு எழுதியதற்காகக்கூட எனக்கு வருத்தமில்லை, அண்ணா. மறுபடி அப்படி நடந்தால் மறுபடியும் எழுதுவேன். அவராகவே சொல்லிவிடுவார் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையே, அதுதான். முப்பது வருடம் கூட வாழ்ந்து, அந்த ஒரு மாதம் அவரை ஒரு திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ அதே ஒரு மாதம் என்னைத் தெய்வம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போன வாரம் சொல்லிவிடலாம் என்று துணிந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றபடியே, “ஏங்க, நான் அப்பவே அண்ணனுக்கு எழுதிட்டேன்” என்றேன். முழுசாகச் சொல்லிவிட்டேன், அண்ணா. அவர் ஷூவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் நிழலைப் பார்த்துத் திரும்பி, “என்னம்மா, ஏதும் சொன்னியா?” என்று கேட்டார்.

“சாப்பிட வாங்க” என்றேன்.

தீபாவளிக்கு அண்ணியையும் அழைத்துக்கொண்டு கட்டாயம் வாருங்கள். அதற்குள் மிஷின் வந்துவிடும், உங்களோடு நன்றாகப் பேசுவார். என் முதல் கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள். இதையும். நீங்கள் வந்து சாப்பிட உட்காரும்போது அவர் சந்தோஷத்தில் என்னைப் பற்றி அந்தப் பேச்சை மறுபடியும் எடுப்பார், நிச்சயம் எடுப்பார். எடுத்தால் நீங்கள் ஆமாம் என்று சொல்லுங்கள். ஆனால் அந்த நேரம் மட்டும் என் பக்கம் திரும்பாதீர்கள், அண்ணா.

இருவரையும் அந்த மாரியம்மா நல்லபடியாகக் காப்பாற்றட்டும்.

உங்கள் தங்கை,
விக்னேஸ்வரி