அதட்டிய மாமரத்தை வெட்டாதிருக்க

அனுப்புநர்
சௌந்திரம்,
க/பெ. (லேட்) சின்னண்ணன்,
செம்மேட்டுக்காடு, ஜலகண்டாபுரம் வழி,
சேலம் மாவட்டம்.

பெறுநர்
உதவி மின் பொறியாளர் அவர்கள்,
மின்வாரியப் பிரிவு அலுவலகம்.

பொருள்: என் வாசல் மாமரத்தை வெட்டக் கோரி என் பெயரில் பதிவான மனுவை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வரும் பராமரிப்பு மின்தடை நாளில் என் வாசல் மாமரத்தை அடியோடு வெட்ட ஆட்கள் வருவதாகக் கைப்பேசியில் தகவல் வந்துள்ளது. அப்படி நான் மனு செய்யவில்லை. ஆனால் வெட்டுவேன் என்று சத்தம் போட்டது உண்மை. அதை விளக்கவே இம்மனு.

2. காய்ப்பு தவறிய மரத்தை அதட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் கொடுவாளோடு போய் மிரட்டி, பட்டையில் லேசாக ஒரு கொத்து வைக்க வேண்டும். மற்றவர் கையைப் பிடித்துத் தடுத்து, மரத்துக்காகப் பரிந்து பேச வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். ஆகவே மிரட்டுவது நான். என் கணவர் ஓடிவந்து, "உடு புள்ள, பாவம், இந்த வருசம் காய்ச்சுப்போடும்" என்பார். பிறகு கொத்தின் மேல் செம்மண்ணைக் குழைத்துப் பூசுவார்.

3. மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் கோகிலவாணி விளக்கிச் சொன்னாள். இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறதாம். பட்டையில் கீறல் விழுந்தால் அது கொஞ்ச நாள் மேலேயே தங்கி, கிளை பூவெடுக்க உதவுமாம். அளவு மீறிச் சுற்றிலும் வெட்டினால் வேர் பட்டினி கிடந்து மரமே செத்துப்போகுமாம். என் கணவர் என் கையைப் பிடித்தது விளையாட்டுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

4. மாசியில் அவர் காலமானார். ஐப்பசியில் நான் கொடுவாளை ஓங்கி, "இந்தத் தடவையும் ஏமாத்துனா அடியோட சாச்சுப்போடுவன்" என்று கத்திவிட்டு, பழக்கதோஷத்தில் பதிலுக்காக நின்றேன். யாருமில்லை. ஓங்கிய கையை இறக்கவும் தோன்றவில்லை. அப்போது எதிர்வீட்டு சிவபிரகாஷ் வேலியோரம் வந்து, "ஏனுங்க பெரியம்மா, நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? கரண்ட் ஆபீசுல சொல்லி நானே வெட்டச் சொல்றனுங்க" என்றான். நல்ல பையன், அவன் மேல் எனக்குப் புகார் ஏதுமில்லை. வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் போன பிறகு அந்த மரத்தடியில் என் பேச்சுக்குப் பதில் வந்தது அன்றுதான் ஐயா. சரியென்று தலையை ஆட்டிவிட்டேன்.

5. கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. மரத்தை மட்டும் விட்டுவிட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

6. மேலும் ஒரு வேண்டுகோள். இது வாரியத்தின் வேலையில் சேராது என்று தெரியும். கிளை கழிக்க வரும் ஆட்களில் ஒருவர், நான் கொடுவாளை எடுக்கும்போது பக்கத்தில் நின்று, வெட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மரத்துக்குக் கேட்குமோ கேட்காதோ, எனக்குக் கேட்கும்.

நாள்: 22.11.2024
இடம்: செம்மேட்டுக்காடு

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து வாசலில் இருக்கும்,
சௌந்திரம்