தோட்டைக் கழற்றிய கை

மகளின் காதருகே குனிந்தபோது அந்த வாடை வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்த வாடை. அவள் மேல் காதில் துளை போட்டுக்கொண்டு வந்து பத்து நாள் ஆகிறது. இருபது வருஷம் கழித்தும் என் மூக்குக்கு உன் காதின் ஞாபகம் இருக்கிறது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த தை மாதம், மரக்காணம் உப்பளத்தில் தோழிகள் நாம் இருவரும் பாத்திகளில் சேறு வழித்துக்கொண்டிருந்தோம். உன் கையில் ஒரு தோடு சிக்கியது. ஒற்றைத் தோடு, சிவப்புக் கல். ஊரெல்லாம் கேட்டாய், யாரும் தன்னுடையது என்று வரவில்லை. சித்திரையில் கோட்டக்குப்பம் போய் மேல் காதில் துளை போட்டு அதையே மாட்டிக்கொண்டு வந்தாய். "நல்லா இருக்குதாடி?" என்று தலையைச் சாய்த்துக் காட்டினாய். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

முதல் சில நாள் தெளிவான நீர் கசிந்து பொருக்குக் கட்டியது. அது எல்லாருக்கும் வருவதுதான். நீயோ பாத்தித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாய். உப்பளத்து ஆட்களுக்கு எந்தக் காயத்துக்கும் அதுதானே மருந்து. தோல் வெடித்தது. காது சிவந்து, கொதித்து, மடிப்பே தெரியாமல் வீங்கியது. பச்சையாகச் சீழ் வந்தது. ஒருநாள் வரப்பில் நடந்துகொண்டிருந்தவள் சட்டென்று நின்றாய்.

"கேக்குதாடி?"

"என்னா?"

"கடலு. திரும்ப வர்ற சத்தம். திம்மு திம்முன்னு இந்தக் காதுல மட்டும் கேக்குது."

நண்பகல். காற்றே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை உப்பு. நானும் காது கொடுத்துக் கேட்டேன். எனக்கும் கேட்டது.

பயந்துபோய் உன்னைக் குறி சொல்கிறவளிடம் கூட்டிப்போனேன். "பொருளுக்கு உடையவ கூப்பிடுறா. அவளுத அவகிட்டயே குடுத்துடுங்க" என்றாள். "வேணாம்டி, தொட்டா உயிர் போவுது" என்று நீ கெஞ்சக் கெஞ்ச, நான்தான் தோட்டைத் திருகி எடுத்தேன். உப்பளத்துக் கால்வாயில் வீசினேன். இரண்டு நாளில் துளை மூடிக்கொண்டது. வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. குளிர்க் காய்ச்சலில் "கிட்ட வந்துட்டுது" என்று முனகிக்கொண்டே இருந்தாய்.

புதுச்சேரியில் டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். "தோட்டை ஏம்மா எடுத்தீங்க? சீழ் வெளிய வர இருந்த வழியே அந்த ஓட்டைதான். அது மூடினா உள்ளயே தேங்கிடும். சிவந்து கொதிக்கும்போதே வந்திருந்தா காதைக் காப்பாத்தியிருக்கலாம்." கடல் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். "அது அவங்க நாடி துடிக்கிற சத்தம்மா" என்றார்.

நீ பிழைத்தாய். காதின் மேல்பாதி காய்ந்த இலை மாதிரி சுருண்டுவிட்டது. அதன்மேல் முடியை இழுத்து வாரிக்கொள்ளப் பழகினாய். ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தோட்டை வீசிய அதே வருஷம் ஆடியில் நம் பாத்தியில் உப்பு வாரும்போது என் பலகையில் ஒரு கட்டி இடறியது. உடைத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்புக் கல். கால்வாய்த் தண்ணீர்தான் பாத்திக்குப் பாய்கிறது, தெரியும். இருந்தும் மறுபடி வீசத் துணிவில்லை. இன்றும் என் பெட்டியில்தான் இருக்கிறது.

"ம்மா, இதைக் கழட்டிடவா?" என்று மகள் கேட்டாள். என் கை தானாக அவள் காதுக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன். "தொடாத. இப்பவே டாக்டர்கிட்ட போறோம்."

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி, "காதுக்குள்ள திம்மு திம்முன்னு கேக்குதும்மா" என்றாள். அது அவள் நாடி என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.