இரண்டு வருடம் என்றார் போதகர்

அன்புள்ள உங்களுக்கு,

பிலிமத்தலாவைத் தியான இல்லத்தில் நேற்று எனக்குப் பிரியாவிடை நடந்தது. பத்தொன்பது வருடம் மற்றவர்களை நான் ஜெபத்தில் வழிநடத்திய இடம். எல்லோரும் என் தலையில் கை வைத்து நிற்க, போதகர் வாய்விட்டு ஜெபித்தார்: "ஆண்டவரே, இரண்டு வருடமாய் ஜெபிக்க முடியாமல் தவிக்கிற இந்தச் சகோதரிக்கு இரங்கும்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

பிறகு தேநீர் குடிக்கும்போது அலுவலகத்து நிஷாந்தி, "அக்கா, ஆண்டவரே அவருக்கு வெளிப்படுத்தியிருக்காரு பாருங்க" என்று அழுதாள்.

ஜெபிக்க முடியவில்லை என்பதை நான் உங்களிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். வேலையை விட்டு யாழ்ப்பாணத்துக்கு வரும்படி நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், நான் மறுத்தேன். போன மாதம் போதகர் தானாகவே, "இனிக் குடும்பத்தோட போய் இருங்கோ" என்றபோது ஆச்சரியப்பட்டேன். இப்போது ஆச்சரியம் இல்லை.

உண்மையில் ஆறு வருடம். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று உங்களிடம் குறைத்துச் சொன்னேன். ஆண்டவர் வெளிப்படுத்தியிருந்தால் ஆறு என்றிருப்பார்.

சனிக்கிழமை நான் யாழ்ப்பாண பஸ் ஏற மாட்டேன். வத்தேகமவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். போதகரிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். தொலைபேசியில் வேண்டாம், உங்கள் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி