வீடு போயிடுச்சு

மார்ச் 3

காலையில் இரண்டு வீடு காட்டினேன். முதல் வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டியது. வந்தவர்கள் வீட்டைப் பார்க்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வீட்டின் பூட்டு மக்கர் பண்ணியது. இரண்டும் படியவில்லை.

மதியம் தரகர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம். புதுத் தலைவர் தன் கைப்பட எழுதியிருக்கிறார். எல்லா விதமான ஆட்களுக்கும் வீடு கிடைக்கச் செய்ய ஒரு குழு அமைக்கிறார்களாம். "உங்களைப் போன்ற ஒருவர் அதில் அவசியம் இருக்க வேண்டும்."

என்னைப் போன்ற ஒருவர் என்றால்? அறுபது பேர் உள்ள சங்கத்தில் பெண்கள் நான்கே பேர். பதினான்கு வருடமாகப் புகைப்படம் எடுக்கும்போது மட்டும் முன்வரிசைக்குக் கூப்பிடுவார்கள். கூட்டம் தொடங்கியதும் கதவோரம்தான் எனக்கு இடம். அதிலும் இந்த மனிதர்! நான் நான்கு மாதம் செருப்புத் தேய அலைந்து பேசிய மில்காரர் வீட்டைக் கடைசி வாரத்தில் தட்டிக்கொண்டு போனவர். எலி சும்மாவா அம்மணமாக ஓடும்?

மகளிடம் சொன்னேன். போய்த்தான் பாரேன் என்றாள்.

மார்ச் 9

போனேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். தலைவரே நாற்காலி எடுத்துப் போட்டார், அவரே டீ ஊற்றிக் கொடுத்தார். ஓட்டுக் கேட்டு வந்தபோதுகூட இவ்வளவு பணிவு இல்லை. நான் டீயைத் தொடவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். போன ஒரு வருடத்தில் யார் யாரை வீடு இல்லையென்று திருப்பி அனுப்பினோம், எந்த வீடு, எதற்காக என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொண்டுவர வேண்டுமாம்.

அதானே பார்த்தேன். என் வீட்டுக்காரர்கள் யார் யார், எந்த வீடு காலி என்பதையெல்லாம் நானே எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

மார்ச் 12

எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை.

மார்ச் 16

என் சந்தேகம் வீண் போகவில்லை.

பதினோரு சாவிக்காரரின் கட்டடத்துக்கு முன்னால் தலைவரின் கார் நின்றது. பதினோரு வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர். பதினோரு சாவியும் என்னிடம்தான் இருக்கின்றன. என் பிழைப்பில் பாதி அவரால் ஓடுகிறது. எதிரே மருந்துக்கடையில் நின்று ஒரு இருமல் மருந்துப் பாட்டிலின் விவரத்தை மூன்று தடவை படித்தேன். கடைக்காரர் யாருக்கு இருமல் என்று கேட்டார். எனக்குத்தான் என்று வாங்கிக்கொண்டேன்.

கால் மணி நேரத்தில் தலைவர் வெளியே வந்தார். கூடவே நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். எங்கேயோ பார்த்த முகம். வேறு நாட்டு முகம்.

மில்காரர் வீடு போனது போதாதென்று இதுவுமா?

மார்ச் 17

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் பதினோரு சாவிக்காரருக்குப் போன் செய்து, தலைவர் எதற்கு வந்தார் என்று நேராகவே கேட்டேன். அந்த நர்ஸுக்கு வீடு கேட்டு வந்தாராம். சாவி உங்களிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன் என்றார். வெளிநாட்டு ஆட்களுக்கும் தனியாக இருக்கும் பெண்களுக்கும் கொடுக்க வேண்டாம் என்றீர்களே என்று கேட்டேன்.

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? நீங்கதான் யாரையும் கூட்டிட்டு வரல."

சொன்னார். சொன்னார்தானே? எட்டு வருடம் முன்பு, சுவரில் ஆணியாக அடித்து வைத்த ஒரு குடித்தனக்காரர் காலி செய்த அன்று, 'வெளி ஆளுங்களே இப்படித்தான்' என்று புலம்பினார். நான் என் நோட்டில் அவர் வீடுகளுக்கு எதிரே வெளி ஆட்களுக்குக் காட்ட வேண்டாம் என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அவர் புலம்பினார், மறந்துவிட்டார். நான் புள்ளியைப் பார்த்தே எட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அந்த நர்ஸின் முகமும் ஞாபகம் வந்துவிட்டது. ஜனவரியில் என் அலுவலகத்துக்கு வந்தார். நம் மொழியைப் புத்தகத்தில் படித்த மாதிரி பேசினார். 'அந்த வீடு போயிடுச்சும்மா' என்றேன். இரண்டாம் மாடி, கிழக்குப் பார்த்த ஜன்னல். இன்றைக்கும் காலியாகத்தான் கிடக்கிறது.

அப்படியானால் அந்தப் பெண் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறார். தலைவருக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் என்னைக் குழுவில் போட்டாரா? எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்கவா?

மார்ச் 18

மதியம் சங்க அலுவலகத்துக்குப் போனேன். தலைவர் தனியாக உட்கார்ந்து உறுப்பினர் அட்டைகளில் படம் ஒட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன், என்னை மாட்டிவிடத்தான் கூப்பிட்டீர்களா என்று.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். நர்ஸ் எழுதிய புகார். அழகான கையெழுத்து. பதினான்கு தரகர்களின் பெயர், தேதி, அவர்கள் சொன்ன காரணம். என் பெயர் ஒன்பதாவது. ஆறாவது பெயர் அவருடையது. குழுவில் மற்ற யாருடைய பெயரும் அதில் இல்லை.

"எங்கிட்டயும் வந்தாங்க. நானும் போயிடுச்சுன்னுதான் சொன்னேன். இந்தக் காகிதம் வந்த அன்னைக்குத்தான் உறைச்சது."

அப்படியானால் பதினான்கு பேரில் என்னை மட்டும் ஏன் கூப்பிட்டீர்கள்?

"உங்க பேருக்கு எதிர்ல என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க."

படித்தேன். 'இவர் மட்டும் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு பொய் சொன்னார்.'

அவர் பதினோரு சாவிக்காரரிடம் போய்ப் பேசியது பற்றியும் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு வீடு தருவீர்களா என்று மட்டும்தான் கேட்டாராம். சாவி என்னிடம் இருக்கும்போது என்னைத் தாண்டிக் காட்டினால் அது களவு என்றார். மில்காரர் வீட்டில் இந்த நியாயம் எங்கே போயிற்று என்று நாக்கு நுனிவரை வந்தது. புகார்த் தாளைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 20

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். புள்ளி வைத்த வீடுகள் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்காரர்களே வாய்விட்டு வேண்டாம் என்று சொன்னது ஒன்பது. மிச்சம்? மிச்சமெல்லாம் நான். யாரும் கேக்காமலே நான். வீண் பேச்சு எதுக்கு, வந்தவங்களுக்கும் ஒரு அவமானம் குறையும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டு.

எனக்கா தெரியாது? கைக்குழந்தையோடு, புருஷன் இல்லாமல், ஒரு பை துணியோடு தெருத்தெருவாக வீடு கேட்டவள் நான். 'கூட ஆம்பளை யாரு இருக்கா?' என்று கேட்டார்கள். பிறகு போயிடுச்சு என்றார்கள். அந்த வார்த்தையை எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

மகள் பக்கத்தில் வந்து நோட்டைப் பார்த்தாள். புள்ளி எதற்கு என்றாள். சொன்னேன். என் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 23

நர்ஸுக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். வந்தார். இரண்டாம் மாடியைத் திறந்துவிட்டேன்.

அவர் பார்த்த பார்வை! ஒவ்வொரு குழாயையும் திறந்தார். அலமாரிக் கதவுகளை அசைத்தார். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். இந்த வீட்டில் என்ன குறை இருப்பதால் எனக்குக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றேன். புகாரை நான் திரும்பப் பெற வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். நம்பவில்லை. நான் தலைவரைப் பார்த்தது மாதிரியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே இந்த வீடு காலிதான், நான் பொய் சொன்னேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

"எனக்கு அது அன்றே தெரியும். உங்கள் அலுவலகத்திலிருந்து நேராக இங்கே வந்து பார்த்தேன், வாசலில் காலி என்று பலகை இருந்தது."

வீடு வேண்டாம் என்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேறொன்று பார்த்திருக்கிறாராம். அது கிடைக்காவிட்டாலும் இது வேண்டாமாம். இந்தப் படியில் ஏறும்போதெல்லாம் அந்தப் பலகை கண்ணில் நிற்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கைகொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 24

மனசு சரியில்லை. ஒரு மன்னிப்பில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேனா?

ஏப்ரல் 6

சங்கப் பொதுக்கூட்டம். தலைவர் முதலில் எழுந்து தன் பட்டியலைத் தானே படித்தார். திருப்பி அனுப்பியவர்கள் இருபத்தாறு பேர். கண் தெரியாத ஆசிரியர், மூன்று கைக்குழந்தைகள் உள்ள குடும்பம், சக்கர நாற்காலிக்காரர், வேறு சாமி கும்பிடுகிறவர்கள். ஒவ்வொருவரிடமும் என்ன பொய் சொன்னார் என்பதையும் படித்தார். பின்வரிசையில் ஒருவர் இது சங்கமா கோர்ட்டா என்றார். ஏழெட்டுப் பேர் வெளியே போய்விட்டார்கள்.

அடுத்து யார் என்று அவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பியிருந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நானாக எழுந்தேன். என் நோட்டைப் படித்தேன். பாதியில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். எனக்குப் பிறகு ஐந்து பேர் படித்தார்கள்.

காலியாக இருக்கும் வீட்டை யாரிடமும் போய்விட்டது என்று சொல்லக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் - தீர்மானம் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவார் என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் விழுந்தது. சிரித்துக்கொண்டே மைக் ஒயரைச் சுருட்டினார்.

மில்காரர் வீட்டைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

ஏப்ரல் 19

புள்ளி வைத்த வீட்டுக்காரர்களில் முப்பது பேரிடம் பேசி முடித்தேன். இருபத்திரண்டு பேர் யார் வந்தாலும் சரி என்கிறார்கள். ஐந்து பேர் மழுப்புகிறார்கள். மூன்று பேர் முடியாது என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று பேரிடம் வேறு தரகர் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவர், உனக்குத் திமிர் ஏறிவிட்டது என்றார். இருக்கலாம்.

மே 11

காலையில் ஒரு போன். அறிமுகமில்லாத குரல், அதே புத்தக மொழி. ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்தவராம். கணவருக்குக் காது கேட்காது, ஒரு குழந்தை, வீடு வேண்டும் என்றார். என் எண்ணை யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். இரண்டாம் மாடியை வேண்டாம் என்ற அதே நர்ஸ்தான்.

என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்வார், ஆனால் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்."

பத்து மணிக்கு மூவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.