நெற்றிக் கருவி அணிந்ததை முறைகேடு என்று பதிந்தது குறித்து

அனுப்புநர்:
சுமலதா பூபாலன்,
ரயில்வே குடியிருப்பு, மல்காஜ்கிரி,
ஹைதராபாத்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்,
தக்காணத் தமிழ்க் கல்வி மன்றம்,
ஹைதராபாத்.

பொருள்: ஒற்றைத் தலைவலிக்கான நரம்புத் தூண்டல் கருவியை அணிந்ததற்காகப் பதியப்பட்ட குற்றச்சாட்டை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் குகட்பள்ளி மையத்தில் தமிழாசிரியர் தகுதித் தேர்வு எழுதினேன். எனக்கு இளவயது முதல் ஒற்றைத் தலைவலி உண்டு. வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் ஓடும், படிக்கும் பக்கத்தில் பாதி மறையும், பேச்சு தடுமாறும். இதய ரத்தக் குழாயில் கோளாறு இருப்பதால் தலைவலிக்கான மாத்திரைகள் எனக்கு ஆகாது. பதிலாக மருத்துவர் நெற்றியில் ஒட்டும் சிறு கருவியைப் பரிந்துரைத்தார். ஊசியில்லை, அறுவையில்லை, புருவத்துக்கு மேலுள்ள நரம்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டும். எல்லோருக்கும் பலிக்காது என்றார். எனக்குப் பலித்தது.

2. கருவிக்கு அனுமதி கேட்டு முன்பே தங்கள் அலுவலகம் வந்தேன். மையத்தில் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே கண்காணிப்பாளர் அதை வாங்கித் தம் மேசையில் வைத்தார், தேவைப்பட்டால் தருவதாக.

3. பாதித் தேர்வில் கோடுகள் தொடங்கின. வினாத்தாளின் வலப்பக்கம் காணாமல் போயிற்று. எழுந்து சென்று கேட்டேன். “நக்கோம்மா, மிஷினெல்லாம் அலவ் இல்ல. போய் உக்காருங்க” என்றார். விளக்க வாய் திறந்தேன், சொல் வரவில்லை. அடுத்து வரப்போகும் வலியை அறிந்தவள் நான். அவர் கண்ணெதிரிலேயே கருவியை எடுத்து ஒட்டிக்கொண்டேன். அவர் சொல்லை மீறியது உண்மை. அதற்குரிய கண்டிப்பை ஏற்கிறேன்.

4. ஆனால் அறிக்கையில், நான் கருவி வழியே விடை பெற முயன்றதாக எழுதி, மூன்றாண்டு தேர்வெழுதவிடாமல் விலக்கியிருக்கிறார்கள். அது பேசாது; கைபேசியோடும் இணையாது. ஞாயிறுதோறும் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளையின் தாயார், “டீச்சர், காப்பி அடிச்சீங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?” என்று வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே வரவில்லை.

5. பக்கத்து இருக்கையில் எழுதிய எலிசபெத் என்பவர் எனக்கு முன்பின் தெரியாதவர். கருவியை ஒட்டியதும் கண்காணிப்பாளர் என் தாளைப் பறித்தபோது தம் தாளை வைத்துவிட்டு எழுந்து, “அவங்களுக்கு உடம்பு சரியில்ல சார், பாத்தாலே தெரியலயா?” என்று கேட்டார். உடந்தை என்று அவரையும் விலக்கிவிட்டார்கள்.

மருத்துவரை விசாரித்து, கருவியைச் சோதித்து, குற்றச்சாட்டை நீக்கவும், இனி இத்தகைய கருவியோடு வருவோரை அனுமதிக்கவும் வேண்டுகிறேன். அழைத்தால் நேரில் இயக்கிக் காட்டுவேன். என் விண்ணப்பத்துக்குக் காலம் பிடிக்குமானால் பிடிக்கட்டும். எலிசபெத்தின் பெயரைக் குற்றச்சாட்டிலிருந்து முதலில் நீக்கித் தாருங்கள்.

இடம்: மல்காஜ்கிரி
நாள்: 14.07.2025

பணிவுடன்,
(ஒப்பம்) சுமலதா பூபாலன்